மந்திரத்தின் விலை

என் பேரன் கணிப்பொறி விளையாட்டுகளை வகுக்கும் தொழிலைப் பயில்கின்றான். பல நாட்டினர் இணையத்தின் வழியே ஒரே உலகிற் கூடி ஆடும் ஆட்டங்கள் அவை. சென்ற கோடையில் தான் வகுத்த மந்திரங்களை எனக்குப் படித்துக் காட்டினான். அவற்றுள் ஒன்று, தோழர் அனைவர் புண்ணையும் ஒரு சொல்லால் ஆற்றுவது. "இதற்குச் செலவு யாது?" என்றேன். "ஒன்றுமில்லை, தாத்தா" என்றான். "அங்ஙனமாயின் உன் உலகில் வேறு மந்திரம் கற்பார் யார்?" என்று நகைத்தேன். நகைத்திருக்க வேண்டுவதில்லை. மூன்று திங்கள் உழைப்பு அது. அவன் முகம் வாடிற்று.

மறுநாள் அவனே முன்னோர் கையாண்ட முறைகளை எனக்கு விளக்கினான். 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' என்னும் ஆட்டத்தில் மந்திரங்கள் 64. அடுக்கிற்கு எட்டாக எட்டு அடுக்குகள். ஓதுவோன் ஆற்றலைச் செலவிடுவதோடு, பூண்டு, ஜின்செங் வேர், சிலந்தி நூல், கருமுத்து முதலிய எட்டுச் சரக்குகளுள் உரியவற்றையும் பையில் வைத்திருத்தல் வேண்டும். சரக்குத் தீர்ந்தால் வித்தையும் தீர்ந்தது. ஓதும்போது அடிபட்டால் மந்திரம் கலைந்துவிடும். ஓதும் சொற்களோ அவன் தலைக்குமேல் எழுத்தாய்த் தோன்றும். பகைவன் அவற்றைப் படித்து, வருவது இன்னதென்றுணர்ந்து தன்னைக் காத்துக்கொள்ளலாம். எழுத்தறிந்த பகைவன் பிழைப்பான் என்பது, நாற்பதாண்டு தமிழ் கற்பித்த எனக்குப் பெரிதும் உவப்பளித்தது.

தனியே ஆடுமிடத்துப் பிழை ஒருவனோடு ஒழியும். பலர் கூடுமிடத்துப் பரவும். 2005ஆம் ஆண்டு செப்டம்பரில், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில், ஹக்கார் என்னும் குருதித் தெய்வம் வீரர்மேல் ஒரு சாபத்தை ஏவுமாறு வகுத்தனர். அருகிருப்போரைத் தொற்றும் அச்சாபம் அத்தெய்வத்தின் கோட்டத்தைத் தாண்டலாகாது என்பது அவர் கருத்து. வீரரோ சாபமுற்ற தம் விலங்குகளை மறையச் செய்து, பின்னர் நகரத்தில் மீண்டும் அழைத்தனர். விலங்கோடு சாபமும் வந்தது. கடைக்காரராய் நின்ற பொம்மை மாந்தர் தாம் இறவாமலே அதனைப் பரப்பினர். புதிதாய் வந்த எளியோர் நொடியில் மாண்டனர். வீதியெங்கும் எலும்புக்கூடுகள் கிடந்தன. கணிப்பொறிகளை மீளத் தொடக்கியும் விதியைத் திருத்தியுமே அதனை அடக்கினர். கொள்ளைநோய் ஆராய்வோரும் பின்னர் அதனைக் குறித்துக் கட்டுரை எழுதினர்.

இதனைச் சொல்லி முடித்த பேரன் தன் ஏட்டைத் திறந்தான். புண் ஆற்றும் மந்திரத்தை அவன் அடிக்கவில்லை. அதனருகே, "ஓதுவோன் தன் உயிராற்றலிற் பாதியை இழப்பான்" என்றெழுதினான். "சோர்ந்து கிடக்கும் அவனைத் தோழர் காப்பாரா, தாத்தா?" என்று வினவினான். ஆடுவோரைக் கேட்டன்றோ அதனை அறிதல் வேண்டும் என்றேன். மந்திரத்திற்கு ஒரு நல்ல பெயர் மட்டும் வேண்டுமென்றான். அன்றிரவு நெடுநாள் தொடாத நிகண்டைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.