படகில் ஏற மறுத்தவர்கள்

மூன்று மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. விசாரித்தவர்களுக்கு நன்றி. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விளையாட்டைப் பற்றி. அதில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும்.

பேரன் எங்களோடு செம்பாக்கத்தில்தான் இருக்கிறான், காலேஜ் இரண்டாம் வருஷம். 2022-ல் பொன்னியின் செல்வன் படம் வந்ததிலிருந்து அவனுக்குச் சோழர் பைத்தியம். படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தான். அதுவரை எனக்கு ஏக சந்தோஷம். என் அம்மா கல்கி பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்பு எங்கள் வீட்டில் இருக்கிறது, மணியம் படங்களோடு. நாலு பாகத்தையும் அவன் கையில் கொடுத்தேன். ஐந்தாவது எங்கே என்று கடைசியில் சொல்கிறேன்.

படித்து முடித்தவன் சும்மா இருக்கவில்லை. அந்தக் கதை உலகத்தை வைத்து ஒரு விளையாட்டு எழுத ஆரம்பித்தான். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் கொண்டுவந்தது. செல்போன் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார வேண்டியது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணத்துக்கும் மார்க் உண்டு. "நீங்க ஆற்றங்கரையில நிக்கிறீங்க, பாலம் உடைஞ்சிருக்கு, என்ன செய்றீங்க?" என்று கதை நடத்துபவர் கேட்பார். என்ன செய்வது என்பது உங்கள் இஷ்டம். கஷ்டமான காரியமென்றால் இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு உங்கள் குணத்துக்கு உண்டானதைக் கூட்டி, 15 வந்தால் சாதாரணக் கஷ்டத்தைத் தாண்டலாம், பெரிய கஷ்டத்துக்கு 20 வேண்டும். தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே போகும் என்று நாம் உட்கார்ந்திருந்தோமே, அந்த மாதிரிதான்.

இதற்கு ரசிகர்களே புதுப் புதுக் கதைக்களம் எழுதிக்கொள்வது உலகம் முழுக்க வழக்கமாம். சட்டப்படி தப்பில்லையா என்று கேட்டேன். 2000-லிருந்தே அதற்கு ஓர் அனுமதி இருக்கிறதாம். 2023 ஜனவரியில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி அதை மாற்றப் பார்த்திருக்கிறது. விளையாடுகிறவர்கள் கொதித்து எழுந்ததில், அந்த மாதம் முடிவதற்குள் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார்கள். கல்கியின் எழுத்தும் நாட்டுடைமை ஆகிவிட்டது. ஆக இரண்டு பக்கமும் கதவு திறந்துதான் இருந்தது.

அவன் எழுதியது கோடிக்கரையில் தொடங்குகிறது. இரண்டாம் பாகத்தின் ஆரம்பம் ஞாபகம் இருக்கிறதா? கலங்கரை விளக்கம், புதைசேறு, இரவில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகள், அவற்றைத் தன் காதலர்கள் என்று சொல்லும் பூங்குழலி. விளையாடுகிறவர்கள் அந்தச் சதுப்பைத் தாண்டி, பூங்குழலியின் படகில் ஏறி, இலங்கைக்குப் போக வேண்டும். சதுப்புக்கு 11 பக்கம், இலங்கைக்கு 51 பக்கம். சேறு எப்படி இருக்கும் என்று பார்க்க இரண்டு ஞாயிறு விடியற்காலை சைக்கிளில் பள்ளிக்கரணை போய் நின்றிருக்கிறான். நம் செம்பாக்கம் ஏரித் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம்தானே அது.

62 பக்கத்தையும் ஸ்பைரல் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். "பாட்டி, படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

என் சிவப்பு மைப் பேனாவை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்பது நாள் உட்கார்ந்து திருத்தினேன். வல்லினம் மிகும் இடம், மிகா இடம், ர, ற. பூங்குழலி கொச்சையாகப் பேசினாள். அவளை நல்ல தமிழில் பேச வைத்தேன். அவன் கதையில் கொள்ளிவாய்ப் பிசாசுகள் நிஜமாகவே பேசும். கடலில் மூழ்கிய மாலுமிகளின் ஆவியாம். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம், அவை பொய் சொல்லாது. அதைக் குறுக்கே அடித்து, 'சதுப்பு நில வாயு எரிவது; எட்டாம் வகுப்பு அறிவியல்' என்று ஓரத்தில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், 'பிழைகள் மிகுதி. கல்கிக்கு இழுக்கு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இப்போது எழுதும்போதே கூசுகிறது.

வாங்கிப் பார்த்தான். "சரி பாட்டி" என்றான். பரணில் போட்டுவிட்டான்.

நாலு மாதம். செமஸ்டருக்குப் படிக்கிறான், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காபி குடிக்கும்போது இவர்தான் சொன்னார்: "அவன் கேட்டது எப்படி இருக்குன்னு. நீ சொன்னது எங்க தப்புன்னு." அவ்வளவுதான் சொன்னார், பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முப்பத்து நாலு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. இப்படிச் 'சரி டீச்சர்' என்று சொல்லிவிட்டு நோட்டை மூடியவர்கள் உங்களில் எத்தனை பேரோ.

பொங்கல் லீவில் இவரே ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து அதை எடுத்தார். மாடி வீட்டு அண்ணன் தம்பி, எதிர் பிளாக்கில் பிளஸ் டூ படிக்கும் பெண், மேடவாக்கத்திலிருந்து இவனுடைய காலேஜ் சிநேகிதன், இன்னொரு பையன். எங்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நான் சுண்டல் தாளித்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் பேப்பரில் மார்க் எழுதுவதிலேயே போனது, எனக்குத் தூக்கம் வந்தது. சேறு வந்ததும் தூக்கம் போய்விட்டது. மாடி வீட்டுச் சின்னவன், பதின்மூன்று வயது, குறுக்கு வழி என்று நேராக ஓடினான். உருட்டினால் மூன்று. முழங்கால். மறுபடி உருட்டினால் ஆறு. இடுப்பு. பேரன் குரலைத் தாழ்த்தி, "ஆட்டினா இன்னும் இறங்கும்" என்றான். எல்லாரும் தலைப்பாகையை அவிழ்த்து முடிச்சுப் போட்டு இழுத்தார்கள். நிஜத்தில் அங்கே தலைப்பாகை ஏது? இருந்தாலும் எல்லார் கையும் கயிறு இழுக்கிற மாதிரியே போயிற்று. என் கையும்.

பிறகு பிசாசுகள் வந்தன. நான் அடித்ததை அவன் விட்டே வைத்திருந்தான். பிளஸ் டூ பெண் கேட்டாள்: "ஆதித்த கரிகாலனை யார் கொல்லப் போறாங்க?"

பேரன் திகைத்துவிட்டான். இலங்கைக்கு வழி கேட்பார்கள் என்று பார்த்தால் இது. பிசாசு பொய் சொல்லக் கூடாது என்று அவனே எழுதி வைத்த விதி. கல்கியோ அந்தக் கொலையைக் கடைசிவரை இருட்டிலேயே விட்டிருக்கிறார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பிசாசுக் குரலில் மூன்று பெயர் சொன்னான். சோமன், ரவிதாசன், பரமேசுவரன். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில் இருக்கும் பெயர்கள். அவன் எட்டாவது படிக்கும்போது கூட்டிப்போய் நான்தான் காட்டினேன். அப்போது கோலி சோடா வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கிறது.

பெயர் தெரிந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். "இலங்கைக்கு எதுக்குப் போகணும்? கடம்பூருக்குப் போய்க் கரிகாலனைக் காப்பாத்தலாம்." பூங்குழலி துடுப்போடு காத்து நிற்கிறாள். ஐந்து பேரும் படகில் ஏற மாட்டோம் என்கிறார்கள். 51 பக்கம், அநுராதபுரத்து வரைபடம் உட்பட, அத்தனையும் அவன் மடியில். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். என் வகுப்பில் இப்படி நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அவன் அந்த ஸ்பைரல் புத்தகத்தை மூடித் தள்ளி வைத்துவிட்டு, "உங்ககிட்ட எத்தனை குதிரை இருக்கு?" என்று கேட்டான்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் எழுதாத கதை நடந்தது. வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைகள் ஓடின. கடம்பூர் மாளிகையில் அந்த இருட்டு அறைக்குள் கடைசியில் சின்னவன்தான் நுழைந்தான். 20 வேண்டும். அவனுக்குக் கூட்டல் மூன்று. 17 விழ வேண்டும். என்னால் பொறுக்க முடியவில்லை. "டேய், கரிகாலன் சாகணும்டா! அவன் பிழைச்சா உத்தம சோழன் ஏது, ராஜராஜன் ஏது, பெரிய கோயில் ஏது?" என்று கத்திவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "பாட்டி, அதை டைஸ்தான் சொல்லணும்" என்றான் பேரன்.

18 விழுந்தது.

கரிகாலன் பிழைத்துவிட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1950-லிருந்து 1954 வரை அந்தத் தொடரை வாரம் வாரம் படித்தவள் என் அம்மா. கரிகாலன் செத்த வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை என்பாள். கதை முடிந்தபோது இன்னும் கோபம். சட்டென்று முடித்துவிட்டார், நந்தினி என்ன ஆனாள், வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று ஒரு கடிதம் எழுதினாளாம், தபாலில் போட்டாளா என்பது வேறு விஷயம். அம்மா மாதிரி ஏகப்பட்ட பேர் எழுதியிருக்க வேண்டும். கல்கி ஒரு முடிவுரை எழுதி வாசகர்களின் மனக்குறைக்குப் பதில் சொன்னார், பிறகு நடந்ததைப் பின்னால் வருகிற எழுத்தாளர்கள் எழுதட்டும் என்றும் வழிவிட்டார். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். இதையெல்லாம் வகுப்பில் வருஷா வருஷம் சொன்னவள்தான், சொந்தப் பேரனுக்கு 'கல்கிக்கு இழுக்கு' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் அரைத்தாள் கொடுத்து, எது பிடித்தது, எது போரடித்தது என்று எழுதச் சொன்னான். மறுநாள் எனக்கும் காட்டினான். 'கேரக்டர் எழுதுறதுலயே ஒரு மணி நேரம் போச்சு, சுருக்கணும்' என்று பிளஸ் டூ பெண். 'இலங்கை இருந்துச்சா மச்சி? சாரி' என்று காலேஜ் சிநேகிதன். சின்னவன் எழுதியது: 'சேறு சூப்பர். பிசாசு சூப்பர். பூங்குழலி அக்கா மட்டும் தமிழ் மிஸ் மாதிரி பேசுறாங்க.'

பூங்குழலியின் வசனம் அத்தனையும் நான் திருத்தியது. மனசு உடைந்திருந்தும் அதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொண்டு மாற்றி எழுதியிருக்கிறான். பரணில் போடுவதற்கு முன்னாலேயே.

அந்தத் தாள்களைப் படித்து அவன் சிரித்துக்கொண்டே குறிப்பு எடுத்ததைப் பார்த்தேன். அவர்கள் சொன்னதும் குறைதான். ஆனால் அவர்கள் சேற்றில் இறங்கிவிட்டு வந்து சொன்னார்கள். நான் கரையில் நின்றபடியே ஒன்பது நாள் சொன்னேன். "பூங்குழலியைப் பழையபடி பேச விடு கண்ணா. நான் எழுதினது தப்பு" என்றேன். "பழைய ஃபைல் இருக்கு பாட்டி" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் எனக்கும் ஒரு பேப்பரில் ஆறு குணமும் எழுதிக் கொண்டுவந்தான். கோடிக்கரையிலிருந்து வந்த வைத்தியக் கிழவியாம் நான். விவேகம் 16. வலிமை 6. மூட்டு வலியை யார் சொன்னார்களோ.

வரும் ஞாயிறு நாலு மணிக்கு அடுத்த ஆட்டம். கரிகாலனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குள் இப்போதே சண்டை. தாம்பரம், கேம்ப் ரோடு பக்கம் இருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அனுப்புங்கள். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்கிறான்.

அந்த ஐந்தாம் பாகம்: பச்சைக் காலிகோ அட்டை, முதல் பக்கத்தில் என் அம்மாவின் கையெழுத்து. 1990களில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரவல் வாங்கிப் போனாள். யார் என்று எனக்கு ஞாபகம் இல்லை, திட்டவும் மாட்டேன். உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். அம்மா எழுதிய கடிதம் அதற்குள் இருந்தாலும் இருக்கும்.