பதினேழாயிரம் அடி

கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்கு மலையைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை என்பது நம் ஊராரின் திடமான அபிப்பிராயம். மேற்கே பார்த்தால் அண்ணாமலை. கிழக்கே போனால் செஞ்சிக் கோட்டை. ஆகவே, நம் தமையனாரின் புதல்வி வருகிற ஜூன் மாதத்தில், இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகிலுள்ள 'பிரெண்ட்ஷிப்' சிகரத்தில் வழிகாட்டிகளுடன் ஏறப் போகிறாள் என்ற செய்தி பரவியபோது ஊரார் சிறிதும் கலங்கவில்லை. "நம்ம ஊர்ப் பெண்ணுக்கு மலை ஒரு பிரமாதமா?" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பி வரும்போது கடைத்தெருவில் வைக்க வேண்டிய வரவேற்புப் பலகையைப் பற்றி ஆலோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கலங்கியவர்கள் நாமும் அவளுடைய பாட்டியும்தான். பாட்டியின் கவலை குளிரைப் பற்றியது. நம்முடைய கவலை அந்தப் பலகையைப் பற்றியது.

பெண்ணுக்கு இந்த ஆசை உண்டானது 2023 மே மாதத்தில். முத்தமிழ்ச்செல்வி என்பவர் எவரெஸ்டை எட்டிய முதல் தமிழ்நாட்டுப் பெண் என்று பத்திரிகைகளில் படம் வந்ததல்லவா? அந்தப் படத்தை வெட்டி எடுத்துத் தன் மேஜைமீது ஒட்டி வைத்தாள். பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடிக்கத் தொடங்கினாள்.

சிகரத்தின் உயரம் 5,289 மீட்டர். அதாவது 17,300 அடிக்கு மேல். நம் அண்ணாமலை 2,700 அடிக்குள். இரும்புப் படியையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய பர்வதமலைகூடச் சுமார் 4,500 அடிதான். தமிழ்நாட்டிலேயே மிக உயர்ந்த தொட்டபெட்டா ஏறக்குறைய 8,650 அடி. ஆனால் உயரத்தால் வரும் நோய் சாதாரணமாகத் தலைகாட்டுவதே 8,000 அடிக்கு மேலேதான்! தமிழ்நாடு முழுவதும் தேடினாலும் அந்த நோயோடு முன்கூட்டிப் பழகிப் பார்க்கத் தகுந்த இடம் அகப்படாது.

கால்களைப் பழக்கலாம். அதற்குச் செஞ்சி ராஜகிரியைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை. நான்கு மாதமாக ஞாயிறு தவறாமல், முதுகுப் பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு, அந்த 800 அடி உயரத்தை ஏறி இறங்குகிறாள். நான்கு கிலோவில் ஆரம்பித்தது இப்போது ஒன்பது கிலோவாகியிருக்கிறது. (நாம் முதல் வாசல் வரையில் துணை போய், நிழலில் உட்கார்ந்து மோர் குடிப்பது வழக்கம்.) புதுப் பூட்ஸை இப்போதே போட்டுப் பழக வேண்டும் என்று வழிகாட்டிகள் எழுதியிருந்தார்கள். ஏறும்போது ஒன்றும் செய்யாத பூட்ஸ் இறங்கும்போது கட்டைவிரல் நகத்தைக் கறுக்க வைத்தபோதுதான் அதன் காரணம் விளங்கிற்று. பருத்தி உள்ளாடை கூடாதாம். வியர்வையில் நனைந்த பருத்தி, பனிக்காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்; கம்பளிதான் வேண்டும். பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்களையும், பனிக்கோடரியையும், கயிற்றையும் கையாளும் வித்தையை அங்கே முகாமில் கற்றுத் தருவார்கள்.

ஆனால் மூச்சை எங்கே பழக்குவது? மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. எங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். காற்றின் அழுத்தந்தான் குறைகிறது. அந்தச் சிகரத்தில் ஒரு மூச்சு இழுத்தால், நம் ஊரில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும். இதற்கு உடம்பு தானாகவே ஈடுகொடுக்கிறது. முதலில் மூச்சு வேகமாகிறது. பிறகு இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். 10,000 அடிக்கு மேல், நேற்றுப் படுத்த இடத்தைவிட 1,600 அடிக்கு மேல் உயர்ந்த இடத்தில் இன்று படுக்கக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும் என்பது விதி. வாலிபமும் தேகபலமும் இந்த விஷயத்தில் உதவுவதில்லை. பலசாலி வேகமாக ஏறிவிடுகிறான். ஆகவே சீக்கிரம் விழுகிறான். 'அசெட்டசோலமைடு' என்ற மாத்திரை உண்டு. அதை டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அதுவும் நாட்களுக்குப் பதிலாகாது.

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தச் சிறு கருவி நம் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. அப்போது 94 என்று காட்டினால் வீடே நடுங்கும். 14,000 அடியில் ஆரோக்கியமான மனிதருக்கே 85 காட்டுவது சகஜமாம்! இதைப் பாட்டியிடம் நாம் சொல்லவில்லை.

தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நடை தள்ளாடினாலும் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். இதில் விபரீதம் என்னவென்றால், நோயாளியே நோயை மறைக்கிறார். பணம் கட்டியாயிற்று, லீவு வாங்கியாயிற்று, ஊரில் பலகை எழுதியாயிற்று. இந்த நிலையில் 'தலை வலிக்கிறது' என்று சொல்ல வாய் வருமா? 1996 மே 10-ஆம் தேதி எவரெஸ்டில், பணம் கட்டி வந்தவர்களை அழைத்துச் சென்ற இரண்டு கோஷ்டிகள், திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகும் மேலே போயின. மாலையில் புயல் பிடித்தது. அந்தப் புயலில் அம்மலையில் எட்டுப் பேர் மாண்டார்கள். இரண்டு கோஷ்டிகளின் தலைமை வழிகாட்டிகளும் அவர்களில் அடக்கம்.

டார்ஜிலிங் வாசியான நம் டென்சிங், 1952 மே மாதத்தில் லாம்பெர் என்ற ஸ்விஸ் நண்பரோடு 28,000 அடிக்கு மேல் ஏறிவிட்டார். உச்சிக்கு ஆயிரம் அடிகூட மீதியில்லை. அங்கிருந்து இருவரும் திரும்பி இறங்கினார்கள். மறு வருஷம் மே 29-ஆம் தேதி அவர் ஹில்லரியோடு உச்சியில் நின்றது உலகறிந்த விஷயம். முந்தின வருஷம் இறங்கி வந்ததைத்தான் நாம் பெண்ணுக்கு இரண்டு முறை சொன்னோம்.

"சித்தப்பா, வழிகாட்டி திரும்பு என்றால் திரும்பிவிடுவேன். ஆனால் கடைத்தெருவில் என் படத்தை மாட்டிவிட்டு இப்படிச் சொல்கிறீர்களே!" என்றாள்.

நியாயமான பேச்சு. அன்று மாலையே வாலிபர் சங்கத்தாரைப் பார்த்தோம். பலகையே வேண்டாம் என்றால் அவர்கள் கேட்பதாக இல்லை. அரை மணி விவாதத்துக்குப் பிறகு, 'சிகரம் தொட்ட சிங்கப்பெண்' என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, 'இமயம் சென்று வரும் எங்கள் ஊர்ப் பெண்ணே வருக' என்று எழுத இசைந்தார்கள். சிங்கம் போனதில் அவர்களுக்கு வருத்தந்தான். பாட்டி மூன்றாவது கம்பளிக் குல்லாயை முடித்துக்கொண்டிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பையில் பத்துக் கிலோ.