மூன்று இருபது காசுகள்



கடந்த வாரம் பெற்றோர் ஒருவர் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். "சார், என் மகன் எந்நேரமும் சில்லறையைக் கொட்டி ஆண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறான். இது நல்ல பழக்கந்தானா?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டதால் சிரித்துச் சமாளித்து வகுப்புக்குப் போய்விட்டேன். நின்றிருந்தாலும் ஒரே சொல்லில் விடை கூறியிருக்க முடியாது. அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. அதனால் ஒருமுறை தலைகுனிய நேர்ந்ததும் உண்டு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நாணயச் சேகரிப்பு என்றதும் பலர் சோழர் காசு, டச்சுக்காரர் காசு என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதற்கெல்லாம் ஆசிரியர் சம்பளம் இடங்கொடுக்காது. நான் சேர்ப்பவை நம் சட்டைப் பையில் கிடந்த மலேசியக் காசுகள்தாம். 1967 ஜூன் 12ஆம் நாள் பேங்க் நெகாரா நம் நாட்டின் சொந்த நாணயத்தை வெளியிட்டது. அந்த முதல் வரிசையில் நாடாளுமன்றக் கட்டடமும் பிறையும் விண்மீனும் இருக்கும். 1989இல் செம்பருத்திப் பூ வரிசை வந்தது. அதன் பத்துக் காசில் இருக்கும் சோங்காக் பலகையைக் காட்டி, "இது நம் பல்லாங்குழிக்கு உறவு" என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உடனே பைகளைத் துழாவத் தொடங்குவார்கள். வரலாற்றுப் பாடத்திற்கு இதைவிட மலிவான துணைக்கருவியை நான் கண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காசுகள் மறைந்துவிடுகின்றன. கெரிஸ் கத்தி பொறித்த ஒரு வெள்ளி நாணயம் 2005 டிசம்பரில் செல்லாததாயிற்று. 2008 ஏப்ரல் முதல் நாளிலிருந்து கடைக் கணக்கை ஐந்து காசுக்கு முழுமையாக்கும் முறை வந்ததும் ஒரு காசு கைமாறுவது நின்றது. 2012 ஜனவரியில் வந்த மூன்றாம் வரிசையில், 23.59 மில்லிமீட்டர் அகலமிருந்த இருபது காசு 20.6 ஆகச் சுருங்கிப் பொன்னிறம் பூண்டுகொண்டது. பழையதைத் தேடி எடுத்து வைக்காவிட்டால் அடுத்த தலைமுறை அதைப் பார்க்கவே போவதில்லை என்பது என் எண்ணம்.

இதற்குச் செலவும் இல்லை. ஆண்டுவாரியாகக் குழிகள் உள்ள ஒரு தொகுப்பேடு போதும். ஓர் இருபது காசைக் கொடுத்து வேறோர் இருபது காசை எடுத்துக்கொள்கிறோம். யாருக்கும் நட்டமில்லை. இந்தக் கணக்கை நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

2010ஆம் ஆண்டு. என் ஏட்டில் முதல் வரிசை இருபது காசுகளில் 1971ஆம் ஆண்டின் குழி மட்டும் காலியாக இருந்தது.  (இணையத்தில் இன்ன காசுக்கு இத்தனை ஆயிரம் என்று சுற்றும் செய்திகளை நம்பிப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை விற்பவர் சொல்லும் விலை. வாங்கியவர் கொடுத்த விலை அன்று.) எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நடத்திய அக்கா என் பித்தை அறிந்தவர். நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த காசு எது வந்தாலும் ஒரு மைலோ டின்னில் போட்டு வைப்பார். நான் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு ஈடு வைப்பேன்.

ஒரு நாள் அந்த டின்னில் மூன்று இருபது காசுகள் பளபளவென்று கிடந்தன. 1968, 1971, 1979. கை நடுங்கியது என்றால் மிகையன்று. 1971ஐ எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டும் என் ஏட்டில் முன்பே இருந்தன. ஆகவே அவற்றை அக்காவின் பணப்பெட்டியில் நானே போட்டுவிட்டேன். அவை அன்றே யாருக்கோ மீதிச் சில்லறையாகப் போயிருக்கும்.

நாற்பது ஆண்டுப் பழைய காசு அப்படிப் பளபளக்காது. கோலாலம்பூரில் என்னைவிட மூத்த சேகரிப்பாளர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார். "மயிரிழைக் கீறலா இருக்கு பாருங்க. யாரோ புளியும் சாம்பலும் போட்டு விளக்கியிருக்காங்க. பாதி விலை போச்சு" என்றார். நாணயத்தைத் துலக்கக் கூடாது என்பது இத்துறையில் முதல் பாடம். தேய்த்தால் அழுக்கோடு மேற்பரப்பும் போய்விடும், போனது திரும்பாது. போன விலையை எண்ணி வருந்திக்கொண்டே வீடு திரும்பினேன். வெறும் இருபது காசைப் புளி போட்டு விளக்குகிறவர் யாராக இருக்கும், எதற்காக விளக்கியிருப்பார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரப் புறப்பாட நடவடிக்கையின்போது அந்தக் காசை மாணவர்களுக்குக் காட்டினேன். எல்லாரும் முண்டியடித்துப் பார்த்தார்கள். ஆண்டு நான்கில் படித்த ஒரு பையன் மட்டும் எட்டிப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பு கலைந்த பிறகும் அவன் போகவில்லை.

"சார், அது எங்க பாட்டியோட காசு."

"எப்படிச் சொல்கிறாய்?"

"பாட்டிதான் தீபாவளிக்குத் தீபாவளி விளக்கோட சேர்த்து அதையும் விளக்குவாங்க. மூனு இருந்துச்சி. நான்தான் எடுத்தேன்."

மூன்று இருபது காசு, அறுபது காசு. அன்றைக்கு அவன் ஒரு மீகூன் பொட்டலம் வாங்கியிருக்கிறான்.

அந்தக் காசை உடனே அவனிடம் கொடுத்திருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? பதினொரு நாள் வைத்திருந்தேன். சிற்றுண்டிச்சாலையில் செலவான காசு அது. நான் ஈடு வைத்துத்தான் எடுத்தேன். எடுத்தவன் அவன், நானல்லன். இப்படிப் பல நியாயங்கள் தோன்றின. திருப்பிக் கொடுத்தால் பையனுக்கு வீட்டில் அடி விழுமே என்பது அவற்றுள் மிக உயர்வாகத் தெரிந்தது. அதனால் அதையே இறுகப் பற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் இரவு இதை மனைவியிடம் சொன்னேன். அவர் காசைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அந்தப் பையனுக்கு ஓய்வு நேரத்துக்குச் சாப்பிடக் காசு இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அவனுடைய வகுப்பாசிரியர் நான்தான். ஏழை மாணவர்களுக்கான துணை உணவுத் திட்டத்திற்குப் பெயர் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். ஆண்டுத் தொடக்கத்தில் அவன் தந்தைக்கு லாரி ஓட்டும் வேலை இருந்தது. பட்டியலில் பெயர் சேரவில்லை. நடுவில் அந்த வேலை போனது எனக்குத் தெரியாது. ஒரு காசின் ஆண்டெழுத்தைக் கண் நோகப் பார்த்தவன், தினமும் எதிரே அமர்ந்திருந்த முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் முதல் வேலையாக அதற்கான பாரத்தை நிரப்பித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அன்று மாலை ஏட்டிலிருந்து 1968, 1979 ஆகிய இரண்டையும் கழற்றி, 1971உடன் ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன்.

"வாங்க வாத்தியாரய்யா" என்று பாட்டி வரவேற்றார். காசுகள் காணாமற்போனது அவருக்கு முன்பே தெரியும். எடுத்தது யார் என்றும் தெரியும். பேரனிடம் கேட்கவில்லையாம். "பசிக்கு எடுத்த புள்ளைய என்னான்னு கேக்கறது?" என்றார்.

அந்தக் காசுகளின் கதையையும் அவர்தான் சொன்னார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளை பிறந்த ஆண்டை யாராவது கேட்டால் சொல்லத் தெரியாமல் விழிக்க வேண்டியிருந்ததாம். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் அவர் கணவர் தோட்டத்துக் கடைக்காரரிடம் சொல்லி, அந்த ஆண்டு பொறித்த இருபது காசு ஒன்றைத் தேடி வாங்கி வந்திருக்கிறார். மூத்தவர் 1968. நடுவில் மகள் 1971. கடைக்குட்டி, என் மாணவனின் தந்தை, 1979. யாராவது கேட்டால் காசை எடுத்துக் காட்டிவிடுவாராம்.

நான் உண்மையைச் சொன்னேன். "பாட்டி, இந்த ஒன்றுதான் உங்களுடையது. மற்ற இரண்டும் என்னிடம் இருந்தவை. உங்கள் காசுகளை நான் கைநழுவ விட்டுவிட்டேன்."

அவர் பேரனை அழைத்து, "இதுல என்னா வருசம் போட்டிருக்குன்னு படி" என்றார். அவன் மெல்லப் படித்தான். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது..."

"வருசம் சரியாத்தானே இருக்கு, ஐயா? அப்புறம் என்னா?"

நான் மெத்தென்ற துணியில் ஓரத்தை மட்டும் தொட்டு எடுத்து, பதினைந்து ஆண்டுகள் காற்றுப் படாமல் காத்து வைத்திருந்த அந்த இரண்டு காசுகளையும் பாட்டி விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவற்றின் மேல் படிந்திருந்த மெல்லிய பழுப்பு நிறத்தைச் சேகரிப்போர் போற்றுவார்கள். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை.

"ரொம்ப அழுக்கா கிடக்குதே" என்று சொல்லிக்கொண்டே சமையற்கட்டுக்குப் போனார். புளி ஊறிய கிண்ணத்தை எடுத்து வந்து என் எதிரிலேயே அமர்ந்து தேய்க்கத் தொடங்கினார். நான் வாய் திறக்கவில்லை. பையன் என்னைப் பார்த்தான்; பிறகு அவனும் ஒரு காசை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.