இலவசக் கருவிகளும் வகுப்பு ப்ராஜெக்டும்

வகுப்பில் 'ப்ராஜெக்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு காலத்தில் மாணவர்கள் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கக் கடைக்கு ஓடுவார்கள். இப்போது அந்த ஓட்டம் இணையத்தை நோக்கி! படம், ஒலி, வீடியோ, அனிமேஷன் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தர இலவசக் கருவிகள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. கையில் காசில்லாத மாணவனுக்கு இது பெரிய வரம்தான். ஆனால் வரத்தோடு சில நிபந்தனைகளும் வருகின்றன.

ஓர் உதாரணம். ராமேஸ்வரத்து மாணவி ஒருத்தி வரலாற்றுப் பாடத்துக்காக, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி ஐந்து நிமிட வீடியோ செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புயலைப் பத்து வயதில் பார்த்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவர்களில் ஒரு தாத்தாவின் குரல்தான் அவளுடைய ப்ராஜெக்டின் உயிர்.

முதலில் ஒலி. வீட்டில் பதிவு செய்தால் மின்விசிறி இரைச்சலும் கூடவே வரும். அதை நீக்க ஆடாசிட்டி போதும். 2000ல் வெளிவந்த இந்த மென்பொருள் இன்றும் இலவசம். பேச்சில்லாத, இரைச்சல் மட்டும் உள்ள சில நொடிகளை அதற்கு மாதிரியாகக் காட்டினால், அதே இரைச்சலை முழுப் பதிவிலும் குறைத்துவிடும். அதற்காகவே, பேசத் தொடங்கும் முன் சில நொடிகள் மௌனமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது.

அடுத்து எழுத்து. தமிழில் தலைப்புப் போடும்போது சில கருவிகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். யூனிகோடில் 'கெ' என்பதில் க முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அது தெரியாத கருவியில் எந்த எழுத்துருவைப் போட்டாலும் பயனில்லை. தலைப்பை வேறு மென்பொருளில் எழுதிப் படமாகச் சேமித்து ஒட்டுவதே வழி.

மூன்றாவது, அடுத்தவர் உழைப்பு. தேடுபொறியில் கிடைக்கும் படமெல்லாம் இலவசம் அல்ல. 2004ல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸில், மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு படங்கள் உள்ளன. எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் வீடியோவின் கடைசியில் போட வேண்டும் என்பதே பெரும்பாலான படங்களுக்கு முக்கிய நிபந்தனை. பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டால்? பாடம் நடத்தும்போது பயன்படுத்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஓரளவு இடம் தருகிறது. அதையே யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கருவியின் ஆயுள். இணையத்திலேயே வீடியோவை வெட்டி ஒட்ட உதவிய ஜம்ப்கட் தளத்தை யாஹூ 2006ல் வாங்கியது, 2009ல் மூடியது. பல பள்ளிகள் நம்பியிருந்த விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்தியது. மாணவர்கள் வீடியோவில் பேசிப் பகிர்ந்த ஃப்ளிப் 2024 ஜூலையில் தனித்தளமாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. ஃப்ளாஷ் 2020 கடைசியோடு முடிந்தபோது, அதை நம்பிச் செய்த எத்தனையோ அனிமேஷன்கள் உலாவியில் திறக்காமல் போயின.

தப்பித்தவையும் உண்டு. எம்.ஐ.டி.யில் உருவாகி 2007ல் வெளியான ஸ்க்ராட்ச், இடையில் ஃப்ளாஷை நம்பியிருந்தாலும் 2019லேயே அதை விட்டு வெளியேறிவிட்டது. அதில் செய்ததைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் மாணவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்: 'செய்ததை வெளியே எடுக்க முடியுமா?' விதவிதமான எஃபெக்ட்டுகள் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த ராமேஸ்வரத்து மாணவிக்கு மதிப்பெண் ஒரு வாரத்தில் வந்துவிடும். தளம் மூடினால் வீடியோவை மறுபடி செய்துகொள்ளலாம். தாத்தாவின் குரலை மறுபடி பதிவு செய்ய முடியும் என்று யார் சொல்ல முடியும்? எனவே வெட்டாத மூலப் பதிவு டபிள்யூஏவி கோப்பாக ஒன்று, முடிந்த வீடியோ எம்பி4 கோப்பாக ஒன்று. இரண்டையும் ஒரு பென் டிரைவிலும் வீட்டுக் கணினியிலும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பிரதியைத் தாத்தாவின் வீட்டிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. அது அவர்களுடைய கதைதானே!