மணலும் ஸ்பேசரும், சில கணக்குகளும்

திருமுக்கூடல் போயிருக்கீங்களா? காஞ்சிபுரம் மாவட்டத்துல பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம். வீரராஜேந்திர சோழன் காலத்துல இங்க 15 படுக்கையோட ஆஸ்பத்திரி இருந்ததா பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்லுது. இப்ப அது இல்ல. அதனால வண்டியை ஜாக்கிரதையாத்தான் ஓட்டணும் :-)

எங்க மாமா பையன்கிட்ட ஒரு மஹிந்திரா தார். "அண்ணே, ஆத்தோர மணல்ல புதையுது. 30 எம்.எம். ஸ்பேசர் போட்டா சரியாயிடும்ல? பாக்கவும் கெத்தா இருக்கும்"னான். பின்சீட்டுல அவன் ரெண்டு பசங்களும் உக்காருவாங்க. விட முடியுமா? பேப்பர் பேனாவோட உக்காந்துட்டோம்.

ரிம்மோட அகலத்துக்கு நட்டநடுவுல ஒரு கோடு போடுங்க. ஹப்புல ஒட்டுற முகம் அந்தக் கோட்டுலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்கோ, அதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் தள்ளி இருந்தா பாசிட்டிவ், உள்பக்கம்னா நெகட்டிவ். ரிம்முல 'ஈ.டி. 40'னு இருந்தா பாசிட்டிவ் 40 எம்.எம். அதுல 30 எம்.எம். ஸ்பேசர் சொருகினா கணக்கு 10 ஆயிடும். ரெண்டு பக்கமும் சேத்து 60 எம்.எம். அகலம்.

சரிவுல வண்டி கொஞ்சம் நிலையா நிக்கும், வாஸ்தவம். ஆனா நீளமான ஸ்பேனர் மாதிரி, சக்கரம் வெளிய போகப் போக பேரிங் மேல பாரம் கூடும். கல்லுல ஏறினா ஸ்டியரிங் கையை உதறும். முழுசா ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசலாம். ஸ்பேசர் ஹப்புல கச்சிதமா உக்காரலைன்னாலோ, நட்டுக்கு மரை போதலைன்னாலோ சக்கரமே கழண்டுடும்.

போலீஸ் விஷயமும் இருக்கு. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு.

இவ்வளவும் பண்ணியும் மணல்ல புதையுறது நிக்குமா? நிக்காது! சக்கரம் தள்ளி நின்னாலும் டயர் அதே டயர்தானே, மணல்ல படுற பரப்பு மாறல. அதுக்கு மருந்து காத்துதான். 30 சொச்சத்துலேர்ந்து 18க்கு இறக்கினா டயர் நீளமா படிஞ்சு மணல் மேல மிதக்கும். ரோடு ஏறுறதுக்கு முன்னாடி மறக்காம திரும்ப அடிச்சிடணும். காத்து கம்மியா வேகமா போனா டயர் சூடாகி வெடிக்கும்.

தம்பி ஸ்பேசர் காசுல ஒரு சின்ன காத்தடிக்கிற மெஷின் வாங்கிட்டான். "கெத்து?"ன்னு கேட்டேன். "பசங்க பின்னாடி இருக்காங்கண்ணே"ன்னான்.

உங்க ரிம்முல என்ன ஈ.டி. போட்டிருக்கு? குனிஞ்சு பாத்துட்டு சொல்லுங்களேன்.