நானூறு பெண்களின் முகவரி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைகிறவர்கள் அண்ணாந்தே பார்க்கிறார்கள். 200 அடிக்கு மேல் எழுந்து நிற்கும் விமானத்தின் முன் அது இயல்புதான். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் சொல்கிறார்கள், அது உண்மையல்ல. அந்தக் கதையைக் கேட்டு, நந்தியைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்களை வடக்குப் பக்கம் அழைத்துப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆடலும் பாடலும் பிழைத்த ஊர் என்று தஞ்சையை நாம் சொல்வதற்கான எழுத்துச் சான்று அங்கேதான், திருச்சுற்றின் வெளிச்சுவரில் இருக்கிறது.

1010ஆம் ஆண்டு கோயில் நிறைவு பெற்றது. அதற்குப் பிறகு முதலாம் ராஜராஜன் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு அது. சோழநாட்டின் பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, 400 ஆடல் மகளிரை வரவழைத்து, கோயிலைச் சுற்றித் தளிச்சேரி என்னும் தெருக்களில் குடியமர்த்திய கணக்கு. தொகையை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அரசன் அப்படிச் செய்யவில்லை. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: திருவையாற்று ஒலோகமாதேவீச்சரத்திலிருந்து வந்த சேரமங்கை. இப்படி வீடு வீடாகப் போகிறது கல்வெட்டு. தெரு, சிறகு என்னும் வீட்டு வரிசை, எத்தனையாவது வீடு, எந்த ஊர், எந்தக் கோயில், பெயர், பங்கு. திருவாரூரிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், பழையாற்றிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எடுத்தபாதம் என்று ஒரு பெண்ணுக்குப் பெயர். ஆடுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்துவிட முடியாது. ஒருத்திக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை அளந்த மரக்காலுக்கும் ஆடும் சிவனின் பெயர்தான்: ஆடவல்லான்.

பெண்களோடு பட்டியல் முடியவில்லை. நட்டுவம் செய்வோர், உடுக்கை வாசிப்போர், தமிழ் பாடுவோர், ஆரியம் பாடுவோர், விளக்கேற்றுவோர், குயவர், ஈரங்கொல்லிகள் எனப்பட்ட சலவையாளர், தச்சர், தையற்காரர், கணக்கர் என்று ஓர் ஊரே அதில் அடங்கியிருக்கிறது. ஒருவர் இறந்துபோனாலோ வேற்றூர் போனாலோ, தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். கலை ஒரு தலைமுறையோடு நின்றுவிடக் கூடாது என்ற கவலை இந்த விதியில் தெரிகிறது.

பெருமைதான். ஆனால் அந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு வேறொன்றும் உறுத்தும். பிறந்து ஆடிப் பழகிய கோயிலை விட்டு இத்தனை பேர் கிளம்பி வந்ததில் எத்தனை பேரின் விருப்பம் இருந்திருக்கும்? அரசாணைக்கு முன் மறுப்புக்கு இடம் இருந்திருக்காது. அவர்கள் குரலைக் கல்வெட்டு தரவில்லை. பெயரையாவது காத்து வைத்தது.

இவர்கள் ஆடியது எது என்பதற்கு விடை கோயிலுக்குள்ளேயே, விமானத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. கருவறையைச் சுற்றி வரும் இடைவழியில் நாட்டிய சாத்திரம் சொல்லும் கரணங்களைச் சிவனே நான்கு கைகளோடு ஆடிக் காட்டுகிறான். மொத்தம் 108 கரணங்கள். 81 வரை சிற்பி செதுக்கியிருக்கிறான். மீதி 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. உளி எடுத்த வரிசையும் நூல் சொல்லும் வரிசையும் ஒன்றே. சிதம்பரம் கோபுரங்களில் இதே கரணங்களைப் பெண் உருவங்கள் ஆடுகின்றன; அங்கே 108 கரணங்களும் முழுமையாக உண்டு. தஞ்சையின் மேல்தளத்துக்குப் பொதுமக்களை விடுவதில்லை என்பதால், கரணம் பார்க்கப் புறப்படுகிறவர்கள் சிதம்பரத்தையும் பயணத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

சோழர் போய், நாயக்கர் போய், மராட்டியர் காலம் வந்தபோதும் இந்த ஊர் ஆடலை விடவில்லை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் இரண்டாம் சரபோஜியின் அவையில் இருந்தவர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை ஒழுங்கு செய்தவர்கள் இவர்கள். இன்று எந்த நாட்டில் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தாலும் அந்த வரிசை தஞ்சையில் வகுத்தது.

1947இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்தது. வேண்டிய சட்டம். ஆனால் அதற்கு முன்பே, அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள் மேல் ஊர் எறிந்த பழியோடு அவர்களின் கலையும் சேர்ந்து ஒதுக்கப்பட்டது. தஞ்சை அரசவையில் கலைஞராக இருந்த பாப்பம்மாளின் வழிவந்த பாலசரசுவதி, அந்த நான்கு சகோதரர்களின் பரம்பரையில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம் கற்று, 1925இல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் சலங்கை கட்டினார். அவரைப் போன்றவர்கள் அந்த ஏச்சையும் தாங்கி ஆடியதால்தான் நமக்கு இந்த ஆட்டம் மிஞ்சியது.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் தளிச்சேரிக் கல்வெட்டு 66ஆவது எண்ணில் முழுமையாக அச்சாகியிருக்கிறது. தஞ்சைக்குக் கிளம்புமுன் அந்தப் பக்கங்களைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். சுவர் எழுத்து பழைய வடிவம் என்றாலும் தமிழ்தான். அச்சுப் படியை வைத்துக்கொண்டு பார்த்தால் ஊர்ப் பெயர்கள் முதலில் பிடிபடும், பிறகு பெண்களின் பெயர்கள்.