அலுமாரிக்குள் ஒரு டெக்

வஹகோட்டையில் எங்கள் வீட்டு டீவியும் டெக்கும் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிக்குள்தான் இருக்கின்றன. தூசுக்குப் பயந்து தங்கை அப்படிச் செய்வித்தாள். அந்தோனியார் திருவிழாவுக்கு வரும் உறவினர்களுக்கு அது அழகுதான். ஆனால் சகோதரிகளே, இந்தப் பெட்டிகளுக்குத் தூசைவிடச் சூடு பொல்லாதது. சூடான காற்று மேலே எழும்பும். போக வழியில்லாவிட்டால் உள்ளேயே தங்கி, கப்பாசிட்டர்களைக் காய வைத்துப் பெட்டியின் ஆயுளைக் குறைத்துவிடும்.

தச்சரைக் கூப்பிட்டுப் பின்பலகையில் கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை துளை போடுவித்தேன். கீழால் குளிர்காற்று வரும், மேலால் சூடு போகும். டெக்கின் மேல் விரித்திருந்த லேஸ் துணியை எடுத்துவிட்டேன். டிஷ் பெட்டிக்குத் தனித்தட்டு. ரிமோட்டால் நிறுத்தினாலும் அது சுடும். சுவிட்சையே அணைக்க வேண்டும். படம் ஓடும்போது கதவு திறந்தே இருக்கும். தங்கைக்கு இன்னும் மனமில்லை.

இவ்வளவு பாடும் டீவிக்காக அல்ல. வீடியோ டெக்கைக் கடைசிவரை செய்துவந்த யப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் அதை நிறுத்திவிட்டது. இது பழுதானால் புதிது வாங்க முடியாது. இடம்பெயர்ந்தபோது கையில் மிஞ்சியது எங்கள் கலியாணக் கசெட் ஒன்றுதான். அவர் நடப்பதும் சிரிப்பதும் அதில்தான் இருக்கிறது. மாத்தளைக்குக் கொண்டுபோய் சீடியில் பதிப்பிக்கும்வரை டெக் உயிரோடிருக்க வேண்டும். ஓடி முடிந்ததும் கசெட்டை வெளியே எடுத்து, ஆறவிட்டு, உறையில் போட்டு நிமிர்த்தி வைக்கிறேன். அந்த அலுமாரியில் அல்ல, படுக்கையறையில்.